பட்டாவில் இல்லாத உரிமை

1832-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், ஜார்ஜியா மாநிலத்தின் அன்றைய தலைநகரான மில்லெட்ஜ்வில்லில் இரண்டு உருளைப் பெட்டிகளைச் சுழற்றிச் சீட்டெடுத்தார்கள். ஒரு பெட்டியில் அந்த மாநிலத்து வெள்ளைக் குடிமக்களின் பெயர்கள். இன்னொன்றில் நில எண்கள். ஒரு பெயருக்கு எந்த எண் விழுகிறதோ அந்த நிலம் அவருடையது. பொதுவான துண்டு 160 ஏக்கர். தங்கம் கிடைக்கும் என்று நம்பிய பகுதியில் 40 ஏக்கர். சிறு விவசாயிகளுக்கும் விதவைகளுக்கும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் சீட்டுப் போட உரிமை இருந்ததால், ஏழைக் குடியானவனை நிலம் உள்ளவனாக்கும் ஏற்பாடு என்றே அங்கே அதைக் கொண்டாடினார்கள். ஆனால் குலுக்கிப் போட்ட நிலங்களில் ஏற்கெனவே குடும்பங்கள் இருந்தன. செரோக்கி மக்கள் அங்கே மக்காச்சோளம் விதைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். பீச், ஆப்பிள் தோப்புகள் வைத்திருந்தார்கள். மாடும் பன்றியும் வளர்த்தார்கள். ஆறுகளில் படகுத்துறை நடத்தினார்கள். அவர்களுடைய தலைவர் ஜான் ராஸ் 1835-இல் தன் மக்களுக்காக வாஷிங்டனில் வாதாடிவிட்டு ஊர் திரும்பியபோது, அவருடைய வீட்டிலேயே சீட்டு விழுந்தவர் குடியேறியிருந்தார்.

இந்த வரலாற்றைச் சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து படிக்க ஒரு காரணம் இருக்கிறது. ஜார்ஜியாவும் டென்னசியும் நிலத்தை எண்ணாகவும் துண்டாகவும் மாற்றிக்கொண்டிருந்த அதே தலைமுறையில்தான் இங்கேயும் நிலம் முதன்முதலாக நவீன அரசின் கணக்கில் ஏறியது. 1792-இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்கு வந்தன. டென்னசி தனி மாநிலமானது 1796-இல். பிற்பாடு சென்னை மாகாண நில அளவைத் துறை இங்கே இழுத்த சங்கிலியும் ஜார்ஜியாவின் அளவையாளர்கள் செரோக்கி நிலத்தில் இழுத்த சங்கிலியும் ஒரே 66 அடிச் சங்கிலிதான். நாம் இன்றும் நிலத்தை ஏக்கரிலும் சென்ட்டிலும் பேசுவது அந்த வழியாக வந்த பழக்கம். கருவி ஒன்றாக இருந்ததைவிட, அந்தக் கருவியோடு வந்த உறவு ஒன்றாக இருந்தது என்பதே என் வாதத்துக்குத் தேவையானது. நிலத்தில் இருப்பவருக்கு அதன் விலையைப் பேசும் உரிமை ஒன்று. அதைத் தர முடியாது என்று சொல்லும் உரிமை வேறொன்று. இந்த இருநூறு ஆண்டுகளில் முதல் உரிமை மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் கொடுக்கப்படவே இல்லை. அது இல்லாதவரை எவ்வளவு நல்ல பத்திரமும் எவ்வளவு நல்ல விலையும் ஒரு ஊரை அதன் இடத்தில் நிறுத்தி வைக்காது என்பதற்குச் செரோக்கிகளைவிடத் தெளிவான சாட்சி உலகத்தில் இல்லை.

தெளிவான சாட்சி என்பதற்குக் காரணம், ஒரு மக்கள் கூட்டம் தன் நிலத்தைக் காத்துக்கொள்ள என்னென்ன வைத்திருக்க வேண்டும் என்று ஐரோப்பியர் சொன்னார்களோ அத்தனையும் அவர்களிடம் இருந்ததுதான். வேட்டையாடி அலைபவர்களுக்கு நிலத்தில் உரிமை கிடையாது, உழுபவருக்கே உரிமை என்றார்கள், செரோக்கிகள் உழுதார்கள். எழுத்து வேண்டும் என்றார்கள்; 1821 வாக்கில் செக்வோயா தன் மொழிக்கு எழுத்தமைத்துக் கொடுத்தார், 1828-இல் அந்த எழுத்தில் ‘செரோக்கி பீனிக்ஸ்’ என்ற பத்திரிகை வந்தது. அரசியல் அமைப்பு வேண்டும் என்றார்கள். 1827-இல் நியூ எக்கோட்டாவில் கூடி ஒன்றை எழுதினார்கள். நீதிமன்றத்துக்குப் போ என்றார்கள், போனார்கள். 1832 மார்ச்சில் வூஸ்டர் எதிர் ஜார்ஜியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்து சில மாதங்களில்தான் சீட்டுக் குலுக்கல் நடந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1830 மே மாதத்தில், இந்தியர் அகற்றல் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் கையெழுத்திட்டிருந்தார். நாகரிகம் அடைந்தால் உங்களை விட்டுவிடுவோம் என்ற வாக்குறுதியை நம்பி நடந்தவர்கள், நடந்து முடித்த பிறகு அகற்றப்பட்டார்கள். நல்ல பண்ணையம் செய்தது அவர்களைக் காக்கவில்லை. மண்ணை விளைநிலமாக்கி வைத்ததால் அதன் மேல் பிறருக்கு ஆசை கூடியதுதான் மிச்சம்.

செரோக்கிகளின் நில ஒழுங்கு கவனித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. நிலம் முழுவதும் அந்த தேசத்துக்குப் பொது. ஒருவர் திருத்திய வயலும் கட்டிய வீடும் வைத்த மரமும் அவருக்குச் சொந்தம், தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளலாம். மண்ணை வெளியாருக்கு விற்க மட்டும் யாருக்கும் அதிகாரமில்லை. தேசத்தின் ஒப்புதல் இல்லாமல் நிலத்தை விட்டுக்கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1829-இல் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். மறுக்கும் உரிமையைத் தனி மனிதரிடம் விடாமல் ஊர்க்கூட்டத்திடம் வைத்திருந்தார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அதனால்தான் வாஷிங்டன் அந்த உரிமையை உடைக்கப் போலி ஒப்புதல் ஒன்றைத் தேடியது. 1835 டிசம்பர் 29-இல் நியூ எக்கோட்டாவில், தேசத்தின் அதிகாரம் பெறாத ஒரு சிறு குழு, 50 லட்சம் டாலருக்கும் மேற்கே உள்ள நிலத்துக்கும் ஈடாக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டது. அந்த ஒப்பந்தம் எங்களுடையது இல்லை என்று 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு மனு போனது. செனட் சபை 1836 மே மாதம், ஒரே ஒரு வாக்கு குறைந்திருந்தாலும் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைத்திருக்காது என்ற அளவில், அதை ஏற்றது. பிறகு மதிப்பீட்டாளர்கள் வந்தார்கள். வீடு, தானியக் குதிர், வேலி போட்ட வயல், பழ மரம் என்று ஒவ்வொன்றுக்கும் விலை எழுதினார்கள். அந்தப் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. செரோக்கிகள் எத்தனை நல்ல குடியானவர்களாக இருந்தார்கள் என்பதற்கு அவர்களை வெளியேற்ற எழுதிய கணக்கே சான்றாக நிற்கிறது. 1838-இல் ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட் ஏறத்தாழ 7 ஆயிரம் படையினரோடு வந்து, வீட்டிலும் வயலிலும் இருந்தவர்களைப் பிடித்து அடைப்புகளில் வைத்து, இன்றைய ஒக்லஹோமாவுக்கு அனுப்பினார். ஏறத்தாழ 16 ஆயிரம் பேரில் 4 ஆயிரம் பேர் இறந்திருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு.

இப்போது நம் பக்கம். 1792-இல் பாராமகாலுக்கும் சேலத்துக்கும் பொறுப்பேற்ற கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோ முதலியவர்களும் ஊர் ஊராக வயல்களை அளந்து, தரம் பிரித்து, தீர்வை கட்டினார்கள். குடியானவரோடு அரசு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறையின் பிறப்பிடம் இந்த மண் என்று சொல்வதில் மிகையில்லை. 1796-இல் ரீட் அறிவித்த விதிகளில் குடியானவருக்கு ஒரு சுதந்திரம் இருந்தது: ஆண்டுதோறும் வேண்டிய வயலை வைத்துக்கொள்ளலாம், கட்டுப்படியாகாத வயலை விட்டுவிடலாம். கம்பெனி நடுவில் மனம் மாறி, ஊர்களைத் தொகுத்து மிட்டாக்களாக்கி ஏலத்தில் விற்றது. தீர்வை கட்ட முடியாமல் பல மிட்டாக்கள் நொடித்து, மறுபடி அரசிடமே வந்து சேர்ந்தன. இந்தப் போக்குவரத்தில் எல்லாம் நிலையாக இருந்த ஒன்றைத்தான் நான் சுட்ட விரும்புகிறேன். குடியானவருக்கு நிலத்தை விட்டுப் போகும் உரிமை எழுதப்பட்டிருந்தது. தீர்வை கட்டும்வரை வைத்திருக்கும் உரிமையும் எழுதப்பட்டிருந்தது. அரசே ஒருநாள் வேண்டும் என்று வந்து நின்றால் தர முடியாது என்று சொல்ல ஒரு வரியும் எழுதப்படவில்லை. பட்டா என்பது அரசுக்கும் குடியானவருக்கும் இடையிலான வரிக் கணக்காகத் தொடங்கியது. கிணறு வெட்டி, கவலை ஓட்டி, மேட்டாங்காட்டைத் தோட்டமாக்கிய மூன்று நான்கு தலைமுறைகள் அதை முழுச் சொந்தம் என்று நம்பின. நம்பும்படித்தான் அது வாங்கப்பட்டது, விற்கப்பட்டது, பாகம் பிரிக்கப்பட்டது.

சமவெளியில் பட்டா எதைத் தரவில்லை என்று தெரிய நாளானது. மலைகளில் அது விரைவில் தெரிந்தது. சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிகள் ஒரு சரிவில் சில ஆண்டு பயிர் செய்து, அதை ஆறவிட்டு, அடுத்த சரிவுக்குப் போய்த் திரும்பி வருவார்கள். ஆறவிட்ட நிலம் அவர்களுக்கு வயலின் ஒரு பருவம். வருவாய்க் கணக்கில் அது தரிசு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்த பிறகு, அந்தத் தரிசுக்குத் தோட்ட முதலாளிகள் வந்தார்கள். 1882-இன் சென்னை வனச் சட்டம் மிச்சத்தைக் காப்புக்காடாக்க வழி செய்தது. இங்கே யாரையும் ஆயிரம் மைல் நடத்திக் கொண்டுபோகவில்லை. நிலம் அவர்களைச் சுற்றிச் சுருங்கியது. பலர் தங்கள் பாட்டன்மார் ஆறவிட்டிருந்த சரிவிலேயே கூலிக்குக் காப்பிப் பழம் பறித்தார்கள்.

சமவெளிக்கு வருவோம். மேட்டூர் அணை வேலை 1925 ஜூலையில் தொடங்கி, 1934 ஆகஸ்டில் ஆளுநர் ஸ்டான்லி திறந்துவைத்ததில் முடிந்தது. அதன் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பது தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரியும். அணை நிரம்பினால் 153 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 38 ஆயிரம் ஏக்கர், நீருக்குள் போகும் என்பது அந்த அளவுக்கு யார் வாயிலும் இல்லை. அதில் ஆற்றுப் படுகையும் காடும் உண்டு. காவிரிக் கரையின் வளமான வண்டல் வயல்களும் ஊர்களும் உண்டு. பண்ணவாடிப் பக்கம் நீர் வற்றும்போது நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதைப் படமெடுக்க ஆண்டுதோறும் ஆட்கள் போகிறார்கள். ஆனால் அந்த ஊர்க் குடும்பங்கள் எங்கே போய் எந்தக் காட்டில் மறுபடி பண்ணையம் தொடங்கின என்று யாரும் வரலாறு எழுதிப் பரவலாகப் படிக்கக் கொடுக்கவில்லை. கல் தெரிகிற அளவுக்கு மனிதர்கள் தெரியவில்லை.

அந்த ஊர்களைக் காலி செய்ய உதவிய 1894-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு என்னை நீண்ட காலமாக யோசிக்க வைத்திருக்கிறது. சந்தை விலை கொடுத்த பிறகு, கொடுப்பது கட்டாயத்தின் பேரில் என்பதற்காக, மேற்கொண்டு 15 சதவீதம் ஆறுதல் தொகை தர வேண்டும் என்று 23-ஆம் பிரிவு சொன்னது. விரும்பி விற்பவருக்கும் மறுக்க முடியாமல் கொடுப்பவருக்கும் வித்தியாசம் உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டது. அந்த வித்தியாசத்தை நூற்றுக்குப் பதினைந்து என்று கணக்கிட்டது. பொது நோக்கம் எது என்பதை அரசே அறிவிக்கும். அந்த அறிவிப்பே முடிவான சான்று. ஆட்சேபம் சொல்ல 1923-இல் ஒரு பிரிவு சேர்த்தார்கள், ஆட்சேபத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது அரசுதான். 1984-இல் ஆறுதல் தொகை 30 சதவீதமானது. 2013-இன் புதிய சட்டத்தில் அது 100 சதவீதம். கிராமப்புறத்தில் மொத்த இழப்பீடு சந்தை மதிப்பைப்போல் நான்கு மடங்கு வரை போகலாம். பதினைந்து, முப்பது, நூறு என்று தொகை ஏறியதைக் குறைத்துப் பேச மாட்டேன். இழப்பீட்டில் பிள்ளையைப் படிக்க வைத்தவர்களும் வேறிடத்தில் நிலம் வாங்கியவர்களும் உண்டு. ஆனால் மறுக்கும் உரிமையின் விலை கூடிக்கொண்டே போனதற்கும் அந்த உரிமை கைக்கு வந்ததற்கும் சம்பந்தமில்லை.

அணை இல்லாவிட்டால் தஞ்சை என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு இதைப் பேசுவது நேர்மையாகாது. 1924-இல் சென்னையும் மைசூரும் செய்துகொண்ட ஒப்பந்தம், மேட்டூரை நம்பி 3,01,000 ஏக்கரில் புதிய பாசனத்துக்கு இடம் கொடுத்தது. வெள்ளத்தால் அழிவதும் வறட்சியால் வாடுவதுமாக இருந்த டெல்டாவுக்கு அணை ஒரு நிதானத்தைக் கொடுத்தது. அந்தச் சோறு பொய்யில்லை. நீரில் மூழ்கிய பண்ணவாடிக்கும் நாயம்பாடிக்கும் மறுக்கும் உரிமை இருந்திருந்தால், சில ஆயிரம் பேர் பல லட்சம் பேரின் சோற்றைத் தடுத்திருப்பார்கள் என்பது எதிர்வாதம். நான் அப்படி நினைக்கவில்லை. மறுக்க முடிந்தவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை, பேசுகிறார்கள். எனக்கு என்ன தருவாய் என்று கேட்கிறார்கள். அந்த ஊர்களுக்கு அந்தப் பலம் இருந்திருந்தால் முதலில் என்ன கேட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. நிலத்துக்கு நிலம், அதுவும் நீர்ப்பாசனத்தோடு கேட்டிருக்கும். எங்கள் மண்ணில் தேங்கும் தண்ணீர் எங்கள் மாவட்டத்துக்கும் பாய வேண்டும் என்று கேட்டிருக்கும். நடந்தது என்ன? அணையின் இரு கரைகளிலும் வாய்க்கால் வெட்டிச் சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கம் 45 ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் விட்டது 1955-இல், அணை திறந்து 21 ஆண்டு கழித்து. உபரி நீரை ஏற்றிச் சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் 565 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அடிக்கல் நட்டது 2020-இல். அணை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அன்று இருந்திருந்தால் அணை வந்திருக்கும்; வாய்க்காலும் அதனோடே வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

செரோக்கிகளுக்கு நடந்ததையும் இங்கே நடந்ததையும் ஒரே மூச்சில் சொல்வது மிகை என்பார்கள். துன்பத்தின் அளவைப் பற்றிய பேச்சு என்றால் அவர்கள் சொல்வது சரி. அங்கே ஒரு இனம் முழுவதும், இனம் என்ற ஒரே காரணத்துக்காக, வேறொரு இனத்தைக் குடியேற்றுவதற்காக அகற்றப்பட்டது. மேட்டூரில் அப்படி எதுவும் இல்லை. நான் ஒப்பிடுவது சட்டத்தின் கட்டமைப்பை. அங்கே மறுப்பை உடைக்க ஒரு போலி ஒப்பந்தமும் ஒரு படையும் தேவைப்பட்டன. இங்கே ஒரு அரசிதழ் அறிவிப்பு போதுமானதாக இருந்தது. படை வராததை நம் சட்டத்தின் மென்மை என்று எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த தருமபுரியில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி என்ற மலையாளிப் பழங்குடி ஊருக்குள் 1992 ஜூன் 20-இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தன மரக் கடத்தல் சோதனை என்ற பேரில் நுழைந்தார்கள். 18 பெண்களை வன்புணர்ந்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள், ஊரையே பிடித்துக்கொண்டு போனார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடு இருந்த அனைவரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நிலமெடுப்புக்காக நடந்தது இல்லை அது. ஆனாலும், இருக்கும் இடத்தில் உறுதியான உரிமை இல்லாத மக்களிடம் அரசு எப்படி நடந்துகொள்ளத் துணிகிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

இதைவிட ஆழமான மறுப்பு செரோக்கி வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது. எல்லாச் செரோக்கிகளும் அகற்றப்படவில்லை. வட கரோலினாவின் மலைகளில் ஒரு பிரிவினர் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். 1819 ஒப்பந்தத்தின்படி தேசத்திலிருந்து பிரிந்து தனி நிலம் பெற்றவர்களும், வில்லியம் ஹாலண்ட் தாமஸ் என்ற வணிகர் தன் பெயரில் வாங்கிக் கொடுத்த நிலத்தில் இருந்தவர்களும் அவர்களில் அடக்கம். ஆகவே பொது நிலம் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் இழந்தார்கள், தனிப் பத்திரம் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள், பட்டாதான் பாதுகாப்பு என்று இதிலிருந்து வாதிடலாம். ஜார்ஜியாவைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. அங்கேயும் பழைய ஒப்பந்தங்களின்படி தனி நிலம் பெற்ற செரோக்கிகள் இருந்தார்கள். பருத்திக்கு ஏற்ற ஆற்றோர மண்ணிலும் தங்கம் கிடைத்த குன்றுகளிலும் அது அவர்களைக் காக்கவில்லை. வட கரோலினாவின் செங்குத்துச் சரிவுகளில் பருத்தியும் இல்லை, தங்கமும் இல்லை. ஏற்காட்டுக்கும் காப்பி வரும்வரை யாரும் போட்டிக்கு வரவில்லை. கொல்லிமலையின் சாமையும் தினையும் விளைந்த மேட்டுநிலங்களில் பாக்சைட் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சுரங்கம் வந்தது. பிறர் விரும்பாத நிலத்துக்குப் பத்திரம் பாதுகாப்பாகத் தெரியும். விரும்பத் தொடங்கும் நாளில்தான் அதற்கு உண்மையான சோதனை.

யார் முதலில் வந்தார்கள் என்ற கேள்வியையும் இங்கே எழுப்புவார்கள். மலையாளிகளே காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழியினர் என்று தங்கள் கதையைச் சொல்கிறார்கள். பிறகு அவர்களை எப்படி மண்ணின் மக்கள் என்பது? இந்தக் கேள்விக்கு நான் அதிக நேரம் கொடுக்க மாட்டேன். ஒரு நிலத்தை நம்பி வாழ்பவரிடம் கேட்காமல் அதை எடுக்கக் கூடாது என்பதற்கு அவருடைய முப்பாட்டனின் பயணக் கதை பொருட்டே இல்லை.

என் வாதத்துக்கே சங்கடம் தரும் இடம் வேறு. 1835-இல் செரோக்கி தேசத்தில் எடுத்த கணக்கெடுப்பில் 16,542 செரோக்கிகளோடு 1,592 கறுப்பு அடிமைகளும் இருந்தார்கள். நிலத்தை விட முடியாது என்று உறுதியாக நின்ற ஜான் ராஸும் அடிமைகளை வைத்திருந்தவரே. அடிமைகளும் மேற்கே கொண்டுபோகப்பட்டார்கள். மதிப்பீட்டாளரின் பட்டியலில் அவர்களுக்கு என்று ஒரு வரவும் இல்லை. மறுக்கும் உரிமையை ஊரிடம் கொடு என்று சொல்லும்போது ஊர் யார் என்று சொல்லியாக வேண்டும். நம் சமவெளியின் ஊர்களிலும் நிலம் உள்ள சாதிகள் ஒரு பக்கம், அந்த நிலத்தில் தலைமுறைகளாகப் பண்ணையாளாக உழைத்த அருந்ததியர் முதலிய மக்கள் இன்னொரு பக்கம். மேட்டூர்க் காலத்துச் சட்டம் நிலத்தில் சட்டப்படி பாத்தியதை உள்ளவரையே கண்டது. கூலி வேலையை இழந்தவரை அது காணவில்லை. அந்தக் குடும்பங்களையும் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஒப்புக்கொண்டது 2013-இன் சட்டம். இந்த ஏற்பாடு இழப்பீட்டோடு நிற்கக் கூடாது. கிராமசபையின் மறுப்பு செல்ல வேண்டுமானால், அதில் பட்டாதாரரின் குரலும் பட்டாவே இல்லாதவரின் குரலும் ஒரே எடையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நில உடைமையாளர்கள் நல்ல விலைக்குப் பேசி முடித்துவிட்டு எழுந்து போவார்கள், மற்றவர்களுக்காக மறுக்க யாரும் இருக்க மாட்டார்கள். சாதி பார்க்கும் ஊர்க்கூட்டத்தில் அப்படி ஒரு சமத்துவம் தானாக வராது என்பதை நான் அறிவேன். இரகசிய வாக்கெடுப்பு போன்ற பாதுகாப்புகளைச் சட்டத்திலேயே எழுதியாக வேண்டும்.

கற்பனையில் மட்டும் உள்ள உரிமை இல்லை இது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஒடிசாவின் நியமகிரி மலையில் வேதாந்தா நிறுவனத்துக்காகப் பாக்சைட் எடுக்கலாமா என்பதை அங்குள்ள கிராமசபைகளே 2006-இன் வன உரிமைச் சட்டப்படி பரிசீலிக்கட்டும் என்றது. பன்னிரண்டு கிராமசபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அதே குழுமத்தின் மால்கோ ஆலைதான் மேட்டூரில் அலுமினியம் செய்துகொண்டு, ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டியெடுத்தது. நம் மலைகளில் அப்படி ஒரு கேள்வி எந்தக் கிராமசபையிடமும் கேட்கப்படவில்லை. சமவெளியில் என்ன நிலை என்று 2018-இல் பார்த்தோம். சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே 277 கிலோமீட்டர் எட்டுவழிச் சாலைக்காகக் கிணற்று மேட்டிலும் தென்னந்தோப்பிலும் கல் நட்டார்கள். விவசாயிகள் கல்லைப் பிடுங்கினார்கள், கைதானார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அடிப்படை அறிவிப்பு செல்லும் என்றது. விவசாயிகள் வெறும் விலைக்காகப் போராடினார்கள் என்று அப்போது பலர் எழுதினார்கள். விலை பேசுகிறவர் கல்லைப் பிடுங்க மாட்டார். கல் எத்தனை சென்ட்டில் விழுகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

2013-இன் சட்டத்தைப் பாராட்டுகிறவர்கள் அதன் 105-ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தனியார் திட்டத்துக்கு நிலம் எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் ஒப்புதலும், அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டத்துக்கு 70 சதவீதத்தின் ஒப்புதலும் வேண்டும் என்றது அந்தச் சட்டம். அரசு தனக்கென எடுத்தால் ஒப்புதல் வேண்டாம், சமூகத் தாக்க மதிப்பீடு போதும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் உட்பட 13 மத்தியச் சட்டங்களை நான்காம் அட்டவணையில் வைத்து, அந்த மதிப்பீட்டிலிருந்தும் விலக்கு அளித்தது 105-ஆம் பிரிவு. தமிழ்நாடு தன் பங்குக்கு 105-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, மாநில நெடுஞ்சாலைச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான 1997-இன் நிலமெடுப்புச் சட்டம் ஆகியவை உட்பட மூன்று மாநிலச் சட்டங்களை வெளியே எடுத்துக்கொண்டது. அவை செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டமன்றம், 2013-லிருந்து முன்தேதியிட்டு அவற்றுக்கு உயிர் கொடுத்து இன்னொரு சட்டம் இயற்றியது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆட்சிகள் மாறின, அந்தச் சட்டம் இருக்கிறது. நெடுஞ்சாலை ஆணையத்துக்கான விலக்கை நீக்கத் தில்லியிடம் கேட்க வேண்டும். மாநிலத் தொழிற்பேட்டைக்கும் மாநிலச் சாலைக்கும் ஊரைக் கேட்காமல் நிலம் எடுக்கும் அதிகாரம் சென்னையில் எழுதிக்கொள்ளப்பட்டது; அதைத் திருத்தும் மசோதாவையும் சென்னையிலேயே கொண்டுவரலாம்.